இறுக்கத்தின் அருகில்

வலி மலம் கழிக்கும் நேரத்தோடு முடிவதில்லை. எழுந்து, கழுவி, வெளியே வந்த பிறகுதான் ஏறுகிறது. முதலில் எரிச்சல். அப்புறம் உள்ளுக்குள் ஒரு பிடிப்பு.

சில நாள் அரை மணி நேரம். சில நாள் மதியம் வரை.

*

புண் சிறியது. ஆசனவாயின் உள்விளிம்பில், பின்பக்கம், நடுவில், நீளவாக்கில் ஒரு வெடிப்பு. பெரும்பாலானவர்களுக்கு அதே இடத்தில்தான் வருகிறதாம்.

கையில் இப்படி ஒரு கீறல் என்றால் ஒரு வாரத்தில் மூடியிருக்கும். 6 முதல் 8 வாரம் தாண்டினால் நாள்பட்டது என்கிறார்கள். இது எப்போதோ தாண்டிவிட்டது.

*

அங்கே இரண்டு வளையத் தசைகள். ஒன்றுக்குள் ஒன்று.

வெளிவளையம் சொன்னால் கேட்கும். உள்வளையம் கேட்காது. தூக்கத்திலும் மூடியே இருப்பது அதன் வேலை. புண் வந்ததும் இன்னும் இறுகிக்கொள்கிறது. இறுகினால் அங்கே ரத்தம் குறைகிறது. பின்பக்க நடுப்பகுதிக்கு ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைவு. ரத்தம் போதாத தோல் சேராது. சேராததால் வலி. வலித்தால் மறுபடி இறுக்கம்.

காப்பதற்காகத்தான் இறுகுகிறது. அதன்மேல் கோபம் வரவில்லை.

*

டில்டியாசெம் களிம்பு உள்வளையத்தைத் தளர்த்தப் பார்க்கிறது. நைட்ரோகிளிசரினும் அப்படியே, சிலருக்கு அதில் தலைவலி வரும். அறுவை சிகிச்சை அந்த வளையத்தில் ஒரு சிறு பகுதியை வெட்டிவிடுகிறது.

பிசியோதெரபி வேறு பக்கமாக வருகிறது. சுற்றியிருக்கிற தசைகள் வழியாக.

*

இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கிறேன். முழங்கால்களுக்கு நடுவே தலையணை. கையுறை மாட்டும் சத்தம். ஜெல்லின் குளிர்ச்சி.

பிசியோதெரபிஸ்டின் விரல் ஓரிடத்தில் நிற்கிறது. அழுத்தவில்லை. நிற்கிறது, அவ்வளவுதான்.

தொடை நடுங்குகிறது. நடுக்கம் வந்த வழியே போகிறது.

*

இடுப்பெலும்பின் முன்பக்கத்திலிருந்து பின்னால் வால் எலும்பு வரை இடுப்புத்தளத் தசைகள் சேலைத் தூளி மாதிரி தொங்குகின்றன. மூச்சு உள்ளே வரும்போது உதரவிதானம் இறங்குகிறது. தூளியும் கூடவே இறங்குகிறது. மூச்சு போகும்போது இரண்டும் ஏறுகின்றன.

பிறந்ததிலிருந்து இது நடந்துகொண்டிருக்கிறது.

இப்போது கவனிக்கிறேன். விலாவரை வருகிற மூச்சு தொப்புளுக்குக் கீழே வர மறுக்கிறது.

*

ஒரு சிறிய சென்சார். ஒரு திரை. தசையின் மின்துடிப்பு கோடாக ஓடுகிறது. பக்கத்தில் மைக்ரோவோல்ட்டில் ஓர் எண்.

“சும்மா இருங்க.”

சும்மாதான் இருக்கிறேன். கோடு மேலேயே நிற்கிறது.

“இப்ப இறுக்குங்க. விடுங்க. இன்னும் விடுங்க.”

கோடு ஏறுகிறது. இறங்குகிறது. ஓர் உயரத்தில் வந்து தங்கிவிடுகிறது. அதற்குக் கீழே எப்படி விடுவது என்று உடம்புக்குத் தெரியவில்லை.

“பல்லைக் கடிக்காதீங்க.”

தாடை தளர்கிறது. நாக்கு வாயின் அடியில் படிகிறது. எங்கேயோ தாடை, எங்கேயோ இடுப்பு. கோடு கொஞ்சம் கீழே வருகிறது.

*

1948இல் அர்னால்ட் கேகல் என்ற அமெரிக்க மருத்துவர் பிரசவத்துக்குப் பிறகு தளர்ந்துபோகும் இந்தத் தசைகளை இறுக்கும் பயிற்சியைப் பற்றி எழுதினார். இடுப்புத்தளப் பயிற்சி என்றாலே இன்றும் பலருக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

ஏற்கெனவே இறுகியவர்களுக்கு வேண்டியது அதற்கு நேரெதிர். இறுக்குவது, விட்டதை உணர்வதற்காக மட்டும்.

*

நெதர்லாந்தில் 140 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. நாள்பட்ட வெடிப்பு, கூடவே இடுப்புத்தளத் தசைகளில் கோளாறு. களிம்பும் நார்ச்சத்தும் பார்த்து முடித்தவர்கள். பாதிப்பேர் உடனே பிசியோதெரபி தொடங்கினார்கள். மற்றவர்கள் காத்திருந்தார்கள். முடிவுகள் 2022இல் வெளிவந்தன.

8 வாரத்தில், பயிற்சி செய்தவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்குப் புண் மூடியிருந்தது. காத்திருந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு.

மூடாத மற்றவர்களையும் நினைத்துக்கொள்கிறேன். அவர்களும் அதே மூச்சைத்தான் விட்டிருப்பார்கள்.

*

அலுவலகத்தில் முதுகுவலி என்று சொல்லியிருக்கிறேன். நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார அந்தக் காரணம் போதுமானதாக இருக்கிறது.

எத்தனை பேர் இப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்களோ. எல்லாவற்றையும் மூலம் என்று சொல்லிக்கொண்டு, கடையில் ஏதோ ஒரு டியூப் வாங்கிக்கொண்டு. இதற்குப் பயிற்சி இருக்கிறது, கற்றுத்தர ஆள் இருக்கிறார்கள் என்பது அவர்கள் காதுக்குப் போகவேயில்லை. அது மனதை உறுத்துகிறது.

*

பிளாஸ்டிக் டப்பில் வெந்நீர். கை பொறுக்கும் சூடு.

உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அடிவயிறு தானாக இளகுகிறது. தேடிக்கொண்டிருந்த மூச்சு அங்கே வந்திருக்கிறது. கவனித்ததும் நின்றுவிடுகிறது. மறுபடி வருகிறது.

*

காலை. வயிறு கூப்பிடுகிறது.

அப்புறம் போகலாம் என்று ஓர் எண்ணம். தள்ளிப்போட்டால் கெட்டியாகும் என்று அடுத்த எண்ணம். இரண்டும் வந்து போகின்றன. கால்கள் நடக்கின்றன.

பாதங்களுக்குக் கீழே குட்டி ஸ்டூல். முழங்கால் இடுப்பைவிட உயரத்தில். முக்கக் கூடாது. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. வயிறு முன்னால் உப்புகிறது. இறங்குகிற மூச்சோடு தூளியும் இறங்குகிறதா?

ஒரு கணம், ஆமாம். உடனே பயம். உடனே இறுக்கம். அதற்குப் பிறகு இன்னொரு மூச்சு.

*

இரவில் இசப்கோல், பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர். மதியம் கீரை, வாழைத்தண்டு. சொல்ல இதில் ஒன்றுமில்லை. தினமும் வேண்டும்.

*

உள்வளையத்திடம் நேராகப் பேச வழியில்லை. சுற்றிலும் தளர்ந்தால் அதுவும் தளரலாம் என்கிறார் பிசியோ. புண் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டியது அறுவை மருத்துவர். அந்தத் தேதி அடுத்த மாதம்.

இன்று காலை எரிச்சல் இருந்தது. பஸ்ஸில் போகும்போதே நின்றுவிட்டது. சாயங்காலம் காரணம் எதுவும் இல்லாமல் கொஞ்சம் பிடிப்பு.