மறுக்கப்போகிறவனுக்காக எழுதிவைப்பது

ஒரு முடிவு சரியாக இருந்துவிட்டால் போதுமா, அல்லது அந்த முடிவுக்கு வந்துசேர்ந்த வழியை இன்னொருவன் நடந்து பார்க்கும்படி எழுதிவைப்பதும் கடமையா? இலக்கிய விமர்சனத்தில் இது நமக்குப் பழைய கேள்விதான். க.நா.சு. பட்டியல் போட்டார். சி.சு. செல்லப்பா 1959-ல் 'எழுத்து' ஆரம்பித்து, அபிப்பிராயம் சொன்னால் போதாது, அலசிக் காட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். க.நா.சு. முன்வைத்த பெயர்களில் பல இன்றும் நிற்கின்றன. அவருடைய ரசனை பெரும்பாலும் பொய்க்கவில்லை. ஆனாலும் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் வாசகன் செய்யக்கூடியது இரண்டே: நம்பலாம், நம்பாமலிருக்கலாம். செல்லப்பாவின் அலசல் எவ்வளவு வறட்சியாக இருந்தாலும் அதோடு சண்டை போட முடியும். இதை முறை சார்ந்த வித்தியாசம் என்று நாம் அப்போதே முடித்துவிட்டோம். ஒழுக்கம் சார்ந்த வித்தியாசம் என்று இப்போது எனக்குப் படுகிறது. அப்படிப் படவைத்தது கண் மருத்துவம்.

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ கண்ணில் கோளாறு என்றால் மதுரைக்குப் போகச் சொல்வார்கள். 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை இந்தப் பக்கத்து ஜனங்களின் பேச்சில் அவ்வளவு ஊறியிருக்கிறது. சர்க்கரை வியாதி விழித்திரையின் ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். பார்வை மங்கும்வரை நோயாளிக்குத் தெரியாது. தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஆகவே வியாதிக்காரர் எல்லோருடைய விழித்திரையையும் படமெடுத்துப் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு மருத்துவர்கள் போதாது. இந்த வேலையைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்ததாக 2016-ல் கூகுள் ஆய்வாளர்கள் 'ஜாமா' என்ற அமெரிக்க மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். கற்பிக்கப் பயன்பட்ட படங்கள் 1,28,175. அவை அமெரிக்காவிலிருந்தும் மூன்று இந்தியக் கண் மருத்துவமனைகளிலிருந்தும் வந்தவை. அரவிந்த் அதில் ஒன்று. 54 கண் மருத்துவர்கள், படம் ஒன்றுக்கு 3 முதல் 7 தடவை வரை பார்த்துத் தரம் சொன்னார்கள். காசைச் சுண்டிப் பார்ப்பதற்கு 0.5, பிசகே இல்லாததற்கு 1 என்று வைத்த அளவுகோலில் இந்த யந்திரம் 0.99 எடுத்தது.

நார்வேயில் ட்ரோம்ஸோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் சிலர் இதைத் தாங்களும் செய்து பார்க்க உட்கார்ந்தார்கள். மூல நிரல் வெளியாகவில்லை. படங்களிலும் பொதுவில் கிடைத்தது ஒரு பகுதிதான். கட்டுரையில் எழுதியிருந்ததை வைத்துப் புதிதாக நிரல் எழுதி, கிடைத்த படங்களைக் கொண்டு கற்பித்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு படத்தொகுப்பில் 0.951. இன்னொன்றில் 0.853. மூலக் கட்டுரை இரண்டிலும் 0.99 என்றிருந்தது. இவர்கள் தங்கள் நிரலை வெளியிட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

யாரும் பொய் சொன்னார்கள் என்பதல்ல இதன் அர்த்தம். நார்வேக்காரர்களுக்குக் கிடைத்த படங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு தரக்குறிப்புதான் இருந்தது; பலர் பார்த்துச் சொன்ன தீர்ப்புகள் இல்லை. கற்பித்த வேகம் முதலிய உள்ளளவுகள் முழுதாகச் சொல்லப்படவில்லை. இவற்றில் எது வித்தியாசத்துக்குக் காரணம் என்று தீர்மானிக்க வழியில்லை. விஷயம் இங்கேதான் இருக்கிறது. தோற்றது யந்திரமா, திரும்பச் செய்தவரா, படங்களா என்று கண்டுபிடிக்கவே முடியாத ஒரு தோல்வி இது. சரியாக எழுதிவைக்கப்பட்ட வேலையில் தோல்விகூட நமக்கு எதையாவது கற்றுக்கொடுக்கும்.

இதற்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. அதே 2019-ல் கூகுளின் யந்திரத்தை அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் வைத்துப் பார்த்தார்கள். படம் பார்த்துத் தரம் சொல்லும் மனிதர்களுக்குச் சமமாக, சில இடங்களில் மேலாகவே அது சொன்னது. பிறகென்ன? பார்வை பிழைத்தால் சரி, வழி எவனுக்கு வேண்டும் என்று கேட்கலாம். க.நா.சு. சரியாகத்தானே சொன்னார் என்பதும் இதே வாதம்தான்.

சரியாக இருப்பது ஒன்று. சரியா என்று பிறர் பார்க்க முடிவது வேறொன்று. முதலாவது மட்டும் இருந்தால் அது அதிர்ஷ்டமாகவோ மேதைமையாகவோ இருக்கலாம், ஆனால் மற்றவர்களுக்கு அது அதிகாரமாக மட்டுமே வந்துசேரும். இரண்டாவது இருந்தால்தான் அது பொது அறிவாகும். நான் வேலை பார்க்கும் வங்கியில் ஒருவர் பதிந்ததை இன்னொருவர் பார்த்து ஒப்பாமல் பணம் நகராது. முதல் ஆள் மேல் அவநம்பிக்கை என்று யாரும் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. விமர்சனத்திலும் விஞ்ஞானத்திலும் மட்டும் சரிபார்ப்பவன் விரோதியாகத் தெரிகிறான்.

எல்லாவற்றையும் எழுதிவிட முடியுமா என்பது அடுத்த ஆட்சேபம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் இருப்பது பாலும் சர்க்கரையும்தான். ரகசியம் எதுவுமில்லை. ஆனாலும் கடைக்குக் கடை ருசி மாறுகிறது. கிண்டுவதை எந்தக் கணத்தில் நிறுத்துவது என்பது கிண்டுகிறவரின் கையில் இருக்கிறது, காகிதத்தில் இறங்குவதில்லை. கைப்பக்குவம் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். எழுத முடியாததை எழுதவில்லை என்று யாரையும் குற்றம் சொல்லக்கூடாது.

கம்ப்யூட்டர் விஷயத்தில் இந்தச் சலுகை செல்லாது. அது செய்வதெல்லாம் ஏற்கெனவே யாரோ எழுதிக் கொடுத்ததுதான். படங்களை எப்படிப் பிரித்தார்கள், எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு, எத்தனை சுற்று, எந்த மதிப்புக்கு மேலே போனால் நோய் என்று கொண்டார்கள் - இவை எண்களாகவும் கட்டளைகளாகவும் எங்கோ இருந்தே தீரும். யந்திரம் தற்செயலான எண்களிலிருந்து கற்க ஆரம்பிக்கிறது. அந்தத் தற்செயலைக்கூட ஒரு தொடக்க எண்ணாகக் குறித்துவைத்தால் மறுபடி வரவழைக்க முயலலாம். இங்கே எழுதப்படாதது எழுத முடியாததல்ல. சோம்பலோ, அவசரமோ, விருப்பமின்மையோதான் காரணம்.

கைப்பக்குவம் இதில் ஓரிடத்தில் மட்டும் உண்டு. படத்தைப் பார்த்து இது இந்தத் தரம் என்று சொன்ன மருத்துவரின் கண்ணில். யந்திரம் கற்றுக்கொண்டது விழித்திரையை அல்ல, விழித்திரையைப் பற்றிய மனிதத் தீர்ப்பை. யார் பார்த்தார்கள், எத்தனை பேர், எங்கே முரண்பட்டார்கள், முரணை எப்படித் தீர்த்தார்கள் என்பதுதான் அதிகம் எழுதப்பட வேண்டியது. 2019-ல் அரவிந்த் எடுத்த படங்கள் 3,662 தரக்குறிப்போடு ஒரு பொதுப் போட்டிக்காக வெளியிடப்பட்டன. அது தாராளமான காரியம். ஆனால் ஒவ்வொரு படத்தோடும் கிடைப்பது ஒரு அடையாளக் குறியும், 0 முதல் 4 வரை ஓர் எண்ணும்தான். வயது இல்லை, ஊர் இல்லை, எந்தக் காமிரா என்பதில்லை. அதில் ராஜபாளையத்துக் கண் ஒன்று இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

மறைப்பதற்கு நம்மிடம் நீண்ட பாரம்பரியமே இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலைத் தொடரில் சதுரகிரி சித்தர்களின் இடம் என்று பேர் பெற்றது. சித்தர் நூல்களில் மருந்தும் முறையும் பரிபாஷையில் இருக்கும். குருவிடமிருந்து திறவுகோல் வாங்காதவனுக்குத் திறக்காது. தகாதவன் கையில் போனால் கெடுதல் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். இதைச் சுலபமாகக் கேலி செய்துவிட முடியாது. விழித்திரைப் படத்திலிருந்து ஒருவரின் வயதையும் அவர் ஆணா பெண்ணா என்பதையும் யந்திரம் ஊகிக்க முடியும் என்று 2018-ல் காட்டியிருக்கிறார்கள். நோயாளியின் படத்தைத் தெருவில் போடக்கூடாது. இந்தியாவில் 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று சட்டமே வந்திருக்கிறது. ஆனால் நோயாளியைக் காப்பாற்றுவதற்கான மறைப்பு வேறு, செய்தவனைக் காப்பாற்றுவதற்கான மறைப்பு வேறு. படங்களைப் பூட்டிவைத்துக்கொண்டே அவை எத்தனை, எங்கிருந்து, எந்தக் காமிராவில், யார் தரம் போட்டது என்று சொல்ல முடியும். முதல் மறைப்பின் கௌரவத்தை இரண்டாவது கடன் வாங்கிக்கொள்வதுதான் இன்று நடப்பது.

இதற்கு எதிரான பாரம்பரியமும் நம்முடையதே. 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா., எந்தச் சுவடி யாரிடமிருந்து கிடைத்தது என்று எழுதிவைத்தார், பாடபேதங்களைக் குறித்தார். தான் தேர்ந்த பாடத்தை மட்டும் அச்சிட்டிருந்தால் வேலை சுளுவாக முடிந்திருக்கும். பின்னால் வருகிறவன் வேறு பாடத்தைத் தேர்ந்துகொள்ள இடம் வைத்தார். தன் தீர்ப்பு தவறாக இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொள்வதன் செயல்வடிவம் இதுதான். முன்னுரையில் எழுதும் அவையடக்கம் அல்ல.

வழியைச் சொல்வதால் இன்னொரு பலனும் உண்டு. ஒரே படங்களையும் ஒரே நிரலையும் வைத்து ஒரே எண்ணை மறுபடி வரவழைத்துவிட்டால் அது உண்மையாகிவிடாது. தவறும் அதே சுத்தத்தோடு திரும்ப வரும். கோவிட் காலத்தில் நெஞ்சுப் படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் யந்திரங்கள் குவிந்தன. 2021-ல் ஓர் ஆய்வுக்குழு 2,212 கட்டுரைகளிலிருந்து வடித்து 62-ஐ முழுமையாக ஆராய்ந்தது. மருத்துவமனையில் பயன்படுத்தத் தக்கது ஒன்றுகூட இல்லை என்றது. சிலவற்றில், கோவிட் இல்லாதவர்கள் என்று வைத்த படங்கள் சிறு குழந்தைகளுடையவை, நோயாளிகளோ பெரியவர்கள். யந்திரம் நோயைக் கற்றதா, வயதைக் கற்றதா? எத்தனை தடவை திரும்ப ஓட்டினாலும் உயர்ந்த மதிப்பெண்தான் வரும். படங்கள் எங்கிருந்து வந்தன என்ற குறிப்பைத் தேடிப் போனவர்களுக்குத்தான் பிழை அகப்பட்டது.

இந்தக் கடமையை இப்போது படிவங்களாக்கியிருக்கிறார்கள். யந்திரம் ஒவ்வொன்றுக்கும் அது எதற்கானது, யாரிடம் சோதிக்கப்பட்டது, எங்கே தவறும் என்று ஓர் அட்டை எழுதிவைக்க வேண்டும் என்று 2019-ல் மார்கரெட் மிட்செலும் சகாக்களும் சொன்னார்கள். மருத்துவக் கணிப்பு யந்திரங்களைப் பற்றி எழுதுவோர் சொல்லவேண்டியவை என்று 27 இனங்கள் கொண்ட ஒரு பட்டியல் 2024-ல் வெளிவந்தது. நல்லதுதான். ஆனால் படிவத்தை நிரப்புவது எவ்வளவு எளிது என்பது குமாஸ்தாவுக்குத் தெரியும். எல்லாக் கட்டங்களும் நிரம்பி, ஒன்றுமே சொல்லாத படிவங்கள் தினமும் என் மேஜையைக் கடந்து போகின்றன. யாரை மனதில் வைத்து நிரப்புகிறோம் என்பதுதான் வித்தியாசம். பத்திரிகை ஆசிரியரைத் திருப்திப்படுத்த எழுதினால் ஒரு மாதிரி. நம்மைத் தெரியாத, நம்மிடம் மரியாதை இல்லாத, நம்மைத் தவறென்று நிரூபிக்க வரக்கூடிய ஒருவனுக்கு, அவன் வேலையைச் சுலபமாக்கிக் கொடுப்பதற்காக எழுதினால் வேறு மாதிரி. இரண்டாவது மனநிலையைச் சட்டம் போட்டு வரவழைக்க முடியாது.

அந்த ஒருவன் இல்லாவிட்டால் நஷ்டம் யாருக்கு? பத்திரிகைக்கும் கம்பெனிக்கும் இல்லை. 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, தாய்லாந்தில் 11 சிகிச்சை நிலையங்களில் கூகுளின் கண் யந்திரம் எப்படி வேலை செய்தது என்று சொல்கிறது. 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தரம் போதாது என்று யந்திரம் ஒதுக்கியது. அறைகளில் வெளிச்சம் அப்படி. படம் நிராகரிக்கப்பட்டவர் கண்ணில் கோளாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தூரத்து ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும். ஒரு நாள் கூலி போகும். இது ஆய்வுக்கூடத்துக் கட்டுரையின் 0.99-ல் தெரியாத கணக்கு.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அந்தத் துணியில் பாவில் எத்தனை இழை, ஊடையில் எத்தனை இழை இருக்கவேண்டும் என்று 1945-ம் வருஷத்து மருந்து விதிகளில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் எவரும் பூதக்கண்ணாடியை வைத்து எண்ணிவிடலாம். புண்ணைச் சுற்றும் துணிக்கு இவ்வளவு கேட்கிற நாம், ஒருவரின் கண்ணைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் யந்திரத்திடம் அதைக் கேட்காமலிருக்க நியாயமில்லை. நாளை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு முகாமுக்கு அது வருமானால், யாருடைய கண்களிலிருந்து கற்றது, எங்கே தவறியது, யார் சோதித்தார்கள் என்று தமிழில் ஒரு தாள் கூடவே வரட்டும். வரிசையில் நிற்கும் எல்லோரும் அதைப் படிக்கப்போவதில்லை. எவரேனும் ஒருவர் படித்து மறுக்கலாம் என்ற சாத்தியம் இருந்தால்தான், படிக்காமல் நம்புகிற மற்றவர்களுக்கு அந்த நம்பிக்கையில் பாதுகாப்பு இருக்கும்.