ஈட்டி எறிந்த கை யாருடையது?

உயர்ந்த நோக்கத்தின் பொருட்டு இழிந்த வழியைக் கைக்கொள்ளலாமா என்னும் வினா மிகப் பழமையானது. போரையும் அரசியலையும் முன்வைத்தே அறிஞர்கள் இதனைப் பெரும்பாலும் ஆராய்ந்து வந்துள்ளனர். விளையாட்டு மைதானத்தை இவ்வினாவுக்குரிய களமாகக் கருதுவோர் சிலரே. எனினும், 600 கிராம் நிறையுள்ள ஈட்டியை அதுவரை எந்தப் பெண்ணும் எறிந்திராத தூரத்திற்கு எறிந்த ஒருவரின் வாழ்க்கை, இதே வினாவை நம் முன்னே கொண்டுவந்து நிறுத்துகின்றது. சமத்துவத்தை இலட்சியமாகக் கொண்டோர் இதற்கு விடை கூறாது ஒதுங்கிவிடுதல் இயலாது. ஏனெனில் அவர் வாழ்ந்த நாடு, நமது இலட்சியத்தின் பெயரையே தனது பெயராகச் சொல்லிக்கொண்ட நாடு.

ரூத் ஃபுக்ஸ் 1946ஆம் ஆண்டு டிசெம்பர் 14ஆந் திகதி, பின்னர் கிழக்கு ஜேர்மனியாக அமைந்த பகுதியிலே, எகெல்ன் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். ஜேனா நகரத்து விளையாட்டுக் கழகத்தின் சார்பிலே ஈட்டி எறிந்தவர். 1964இல் நிலைநாட்டப்பட்ட 62.40 மீற்றர் என்னும் உலக சாதனை எட்டாண்டுகள் அசையாது நின்றது. 1972 யூன் 11ஆந் திகதி போலந்து வீராங்கனை ஈவா கிரிசியெட்ஸ்கா 62.70 மீற்றர் எறிந்து அதனை முறியடித்தார். அவருடைய மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அதே நாளிலே பொட்ஸ்டாம் நகரில் ஃபுக்ஸ் எறிந்த ஈட்டி 65.06 மீற்றர் தூரத்தில் வீழ்ந்தது.

அவ்வாண்டு மியூனிக் ஒலிம்பிக் போட்டியில் 63.88 மீற்றர் எறிந்து ஃபுக்ஸ் தங்கப் பதக்கம் பெற்றார். கோடைகால ஒலிம்பிக்கிலே கிழக்கு ஜேர்மனி தன் சொந்தக் கொடியோடும் கீதத்தோடும் பங்குபற்றியது அதுவே முதன்முறை. அதுவும் மேற்கு ஜேர்மனியின் மண்ணில்! 1976இல் மொன்றியலில் 65.94 மீற்றர் எறிந்து மீண்டும் தங்கம் வென்றார். 1974இலும் 1978இலும் ஐரோப்பிய வெற்றிக் கிரீடம் அவருடையதாயிற்று. ஆறு முறை உலக சாதனை படைத்தார். அவற்றுள் இறுதியானது 1980 ஏப்ரலில் ஸ்பிளிற் நகரில் எறிந்த 69.96 மீற்றர். சில மாதங்களின் பின் மொஸ்கோவிலே அவருக்கு எட்டாமிடமே கிட்டியது. அங்கு தங்கம் வென்றவர் கியூபாவின் மரியா கரிடாட் கொலோன்.

இவ்வெற்றிகளைக் கண்டு உலகெங்கும் உழைக்கும் மக்களை நேசித்தோர் பெருமிதமடைந்தது இயல்பே. ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் மக்களைக் கொண்ட ஒரு நாடு, மொன்றியலிலே 40 தங்கப் பதக்கங்களை வென்று, சோவியத் யூனியனுக்கு அடுத்ததாய், அமெரிக்காவுக்கு மேலாய் நின்றது. பெண்களுக்குரிய 14 தடகளப் போட்டிகளுள் ஒன்பதில் அந்நாட்டுப் பெண்களே முதலிடம் பெற்றனர். விளையாட்டு, செல்வரின் பொழுதுபோக்கு என்ற நிலை மாறிச் சாதாரண வீட்டுப் பெண்பிள்ளைக்கும் மைதானமும் பயிற்சியும் மருத்துவரும் கிடைத்தன. இது வெறும் பிரசாரமன்று, உண்மையான சாதனையே. ஆகவேதான் அதனோடு கலந்திருந்த நஞ்சைப் பற்றிப் பேசவேண்டியது மேலும் அவசியமாகின்றது.

1974இல் அந்நாட்டு ஆளுங்கட்சி, விளையாட்டு வீரர்க்கு ஊக்கமருந்து அளிப்பதை அரசின் இரகசியத் திட்டமாக்கியது. கோப்புகளிலே அதற்கு 14.25 என்பது இலக்கம். ஆண்மைச் சுரப்பை ஒத்த ‘ஓரல் துரினபோல்’ என்னும் நீலக் குளிசையே அதன் முதன்மையான கருவி. அதனை உற்பத்தி செய்தது ஃபுக்ஸ் பயிற்சி பெற்ற அதே ஜேனா நகரின் அரசாங்க மருந்துத் தொழிற்சாலை. சுமார் 10,000 பேருக்கு இத்தகைய மருந்துகள் கொடுக்கப்பட்டன என மதிப்பிடப்படுகின்றது. அவர்களுட் பலர் இளஞ்சிறுமியர். அவர்களுக்கு அது விற்றமின் என்றே கூறப்பட்டது. குரல் தடித்தல், உடலில் மயிர் வளர்தல், ஈரல் பாதிக்கப்படுதல், மகப்பேற்றுக்குக் கேடு விளைதல் ஆகியன பின்னர் தெரியவந்தன.

1977இல் குண்டெறியும் வீராங்கனையொருவர் ஹெல்சிங்கியிலே பிடிபட்டார். அதன் பின் அரசு செய்தது என்ன? மருந்தை நிறுத்தவில்லை. வீரர்கள் வெளிநாடு செல்லுமுன் கிரைஷா ஆய்வுகூடத்திற் சோதித்து, பிடிபடக் கூடியவர்களை வீட்டிலே நிறுத்திக்கொண்டது.

1991இல் பிரிகிற்றே பெரென்டொங் வெளியிட்ட ஆவணநூல் இவற்றையெல்லாம் அம்பலப்படுத்தியது. 2000ஆம் ஆண்டில் பேர்லின் நீதிமன்றம், அந்நாட்டின் விளையாட்டுத் துறைத் தலைவராயிருந்த மன்ஃபிரெட் ஏவால்டுக்கு 22 மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்டோர்க்கு உதவ 2002இலும் 2016இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஃபுக்ஸ், ஜேர்மனி ஒன்றிணைந்த பின்னர் ஜனநாயக சோசலிசக் கட்சியின் சார்பில் பாராளுமன்ற உறுப்பினராய் விளங்கியவர். தாமும் இத்தகைய மருந்தை உட்கொண்டதாக அவர் 1994இல் ஒப்புக்கொண்டார். 2023இல் காலமானார்.

இத்திட்டத்திற்குச் சார்பாகக் கூறப்படும் நியாயங்கள் மூன்று. அவற்றை நேர்மையோடு ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, ‘மற்றவர்களும் செய்தனர்’ என்பது. இதில் உண்மையுண்டு. மேற்கு ஜேர்மனியிலும் 1970களிலிருந்து அரசாங்கப் பணத்தில் ஊக்கமருந்து ஆராய்ச்சிகள் நடந்தன என்பதை 2013இல் வெளியான ஆய்வறிக்கை எடுத்துக்காட்டியது. இந்நோய் சோசலிசத்துக்கு மட்டுமே உரியது எனக் கைகொட்டிச் சிரிப்போர்க்கு இது தக்க பதிலாகும். ஆனால் அயலான் திருடினான் என்பது நமது களவைக் கழுவிவிடாது. புதியதோர் உலகைப் படைக்கப் புறப்பட்டவர், பழைய உலகின் வழக்கத்தைத் தமக்குச் சாட்சியாக அழைத்தல் தகுமா?

இரண்டாவது, ‘அவர்கள் விரும்பியே ஏற்றனர்’ என்பது. சம்மதம் என்பதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஏற்கும் பொருள் இன்னதென அறிந்திருத்தல் ஒன்று. மறுக்கும் வாய்ப்பு இருத்தல் மற்றொன்று. வயதுவந்த ஒரு வீராங்கனை முதலாவதைப் பெற்றிருக்கலாம். மறுத்தால் கழகத்தையும் எதிர்காலத்தையும் இழக்க நேருமெனில், இரண்டாவது அவருக்கும் பாதியளவே உண்டு. விற்றமின் என நம்பிக் குளிசையை விழுங்கிய சிறுமிக்கோ இரண்டும் இல்லை. ஒருவர் தமது உடலைப் பற்றித் தாமே முடிவு செய்யலாம். அந்த முடிவை மற்றொருத்தியின் உடலுக்கு இரவல் கொடுக்க எவருக்கும் உரிமையில்லை. வெற்றி பெற்றோரின் சம்மதத்தைக் காட்டி அறியாச் சிறுமியரின் கதையை மூடுவது, இவ்விடயத்தில் மீண்டும் மீண்டும் நிகழும் அநீதியாகும்.

மூன்றாவது, ‘சோசலிச நாட்டின் பெருமைக்காக’ என்பது. முற்போக்காளரின் உள்ளத்தைத் தொடுவதும் இதுவே. ஆகவே மிகவும் ஆபத்தானதும் இதுவே. மனிதனை வெறுங் கருவியாகக் கொள்ளற்க என்றார் கான்ற். பயன் நன்றாயிருத்தல் போதாது, செயலே தூய்மையாயிருத்தல் வேண்டும் என்பதற்காக வினைத்தூய்மை என ஓர் அதிகாரத்தையே வகுத்தார் வள்ளுவர். மார்க்ஸ் முதலாளித்துவத்தின் மீது சுமத்திய குற்றச்சாட்டும் இதனின்று வேறானதன்று. தொழிலாளியின் கையும் உடலும் அவனுக்கே அந்நியமாகிப் பிறர் கணக்கிற்குப் பொருளாகின்றன என்பதே அது. முதலாளியின் இலாபக் கணக்கு இருந்த இடத்தில் அரசின் பதக்கக் கணக்கை வைத்தால், அந்தக் கைக்கு விடுதலை கிடைத்துவிடுமா? மக்களுக்கான வழியொன்று மக்களிடமிருந்தே மறைக்கப்பட வேண்டியிருந்தது என்றால், அது மக்களுக்கான வழியாக ஒருபோதும் இருந்ததில்லை.

அவ்வாறாயின் ரூத் ஃபுக்ஸை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? அவரை மறந்துவிடச் சொல்வோர் உளர். அது நீதியன்று. ஓடிவரும் வேகத்தைச் சிதறவிடாது காலை ஊன்றி, இடுப்பையும் தோளையும் ஒன்றன்பின் ஒன்றாய்த் திருப்பி, உரிய கணத்தில் ஈட்டியை விடுவிக்கும் கலையை எந்தக் குளிசையும் கற்பிக்காது. அது பல்லாண்டு உழைப்பின் பேறு. எனினும் அந்த 69.96 மீற்றரில் அவருடைய உழைப்புக்குரியது எவ்வளவு, மருந்துக்குரியது எவ்வளவு? இதனை இன்று எவராலும் பிரித்துக் கூறவியலாது. அவராலும் கூறியிருக்க முடியாது. எதிர்த்து நின்ற வீராங்கனையர்க்கு இழைக்கப்பட்ட அநீதி வெளிப்படையானது. வென்றவரிடமிருந்தும் ஒன்று பறிக்கப்பட்டது: தமது கையின் ஆற்றல் இவ்வளவு என அறியும் உரிமை.

பிற்காலத்திலேனும் அவர் உண்மையை ஒப்புக்கொண்டார். பொய்யைத் திட்டமாக வகுத்த பெரியோர் பலர் அதனைக் கூடச் செய்யவில்லை. ஆயினும் அவருடைய வாக்குமூலம் கணக்கை முடித்துவிடாது. அவர் புகழ்பெற்றவர், பாராளுமன்றத்திலே பேச இடம் பெற்றவர். பெயரறியாத பெண்கள் பலர் நோயுற்ற உடலோடு, தமக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பதையே பல ஆண்டுகளின் பின்னர் கோப்புகளிலிருந்து அறிந்தனர்.

ஓர் ஆட்சியின் தன்மையை அளப்பதற்கு அது வென்ற பதக்கங்களை எண்ணிப் பயனில்லை. பயிற்சியின் முடிவிலே ஒரு சிறுமியின் உள்ளங்கையில் நீலக் குளிசையொன்று வைக்கப்படுகின்றது. ‘இது என்ன?’ என்று அவள் கேட்கின்றாள். அவளுக்கு உண்மையான விடை கிடைக்கவும், அதைக் கேட்டபின் ‘வேண்டாம்’ என்று அவள் அச்சமின்றிச் சொல்லவும் இயலுமெனில், அந்த நாட்டைச் சமத்துவத்தின் நாடு என நாம் அழைக்கலாம்.