நூல் வெளியீடும் எழுத்தாளர் கடனும்

தாம் எழுதிய நூல் அச்சேறிப் பலர் முன்னிலையில் வெளியிடப்படுவதைக் காண விழையாத எழுத்தாளர் இலர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழில் எழுதத் தொடங்கும் இளையோர்க்கு அது வாழ்வின் பெருநாள்களுள் ஒன்று. அந்நாளை நோக்கி நடப்போர்முன் ஒரு வினாவை வைக்க விரும்புகிறேன். விழாவில் நூலைப் பெற்றுச் செல்பவரெல்லாம் நம் வாசகர் ஆவரோ? ஆகார் எனின், அவர் தந்த பணத்திற்கு நாம் பட்ட கடன் யாது?

நம் வெளியீட்டு விழாக்களின் நடைமுறையை அறியாதார் இங்கு இலர். தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, நூலாய்வு எனத் தொடங்கும். பின்னர்ப் புரவலர் ஒருவர் முதல் நூலைப் பெறுவார். நூலின் விலை 20 வெள்ளியாயிருக்க, அவர் தரும் உறையில் 500 வெள்ளியோ அதற்கும் மேலோ இருக்கும். அவரைத் தொடர்ந்து நண்பரும் உறவினரும் சங்கத்தாரும் வரிசையாக மேடையேறி, உறையைக் கொடுத்து நூலைப் பெற்றுப் படமும் எடுத்துக்கொண்டு இறங்குவர். திருமண வீட்டு மொய்க்கும் இதற்கும் மிகுந்த வேறுபாடில்லை. இன்று இவருக்கு நான், நாளை எனக்கு இவர் என்னும் கணக்கும் உள்ளூர ஓடிக்கொண்டிருக்கும்.

இதனை இழிவென ஒதுக்குவோர் உண்டு. நான் அவ்வணியைச் சேர்ந்தவன் அல்லன். வாசகர் தொகை சிறியது. தமிழ் நூல் விற்கும் கடைகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. எழுத்தாளருக்கு உரிமத்தொகை தந்து, இழப்பைத் தாமே ஏற்கும் பதிப்பகம் அரிதினும் அரிது. சிங்கப்பூரில் தேசியக் கலை மன்றம் போன்ற அமைப்புகளின் நிதியுதவி சிலருக்குக் கிட்டும். மலேசியாவில் 1960இல் தோன்றிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் இலக்கியப் போட்டிகளாலும் பரிசுகளாலும் எழுத்தாளர்க்குத் துணை நின்றது. ஏனையோர் தம் ஊதியத்திலிருந்து மிச்சம்பிடித்தே அச்சகத்தின் கணக்கைத் தீர்க்க வேண்டும். உறைகள் இல்லையேல் நம் நூல்களுள் பல கையெழுத்துப் படிகளாகவே செல்லரித்துப் போயிருக்கும்.

பிறர் பொருளால் நூல் வெளிவருவது நமக்குப் புதிதுமன்று. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, முன்கூட்டியே கையொப்பமிட்டுத் துணைபுரிந்தோர் பலர். சிங்கப்பூரின் தொடக்கத் தமிழ் நூல்களுள் ஒன்றான சிங்கைநகர் அந்தாதி வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். புரவலரை நாடுவதில் தவறில்லை. தவறு வேறோரிடத்தில் உள்ளது.

பண்டு நம்மிடம் அரங்கேற்றம் என்றொரு முறை இருந்தது. புலவர் தம் நூலைக் கற்றோர் அவையில் படித்துப் பொருள் சொல்லுவார். அவையோர் தடை எழுப்புவர். புலவர் விடை கூறுவார். அவை ஒப்பிய பின்னரே அது நூலென நின்றது. அங்கும் வள்ளல் இருந்தார், பொன்னாடையும் இருந்தது. ஆனால் வினாவும் இருந்தது. நாமோ அரங்கேற்றத்திலிருந்து வள்ளலையும் பொன்னாடையையும் எடுத்துக்கொண்டு, வினாவைக் கைவிட்டோம். நூலாய்வு செய்ய வந்தவரும் மணவீட்டில் குறை சொல்லலாகாது என்னும் நாகரிகத்தால் பாராட்டிவிட்டு அமர்கிறார். அணிந்துரை எழுதுவோரைப் பற்றிச் சொல்லவே வேண்டா. சிலர் பொருளடக்கத்திற்கு அப்பால் சென்றதற்குச் சான்றே கிடைப்பதில்லை.

இதனால் நேரும் இழப்பு பெரும்பாலும் இளம் எழுத்தாளருடையதே. முந்நூறு படி விற்றதும் தம்மை முந்நூறு பேர் படித்ததாக அவர் நம்புகிறார். முதல் நூலின் குறை எதுவென எவரும் சொல்லாமையால், அதே குறையோடு இரண்டாவது நூலும் வருகிறது. பணம் தந்தவர் அன்பினால் தந்தார். அந்த அன்பே உண்மையை மறைக்கும் திரையாகி விடுகிறது.

ஆகவே, அச்சகத்திற்குச் செல்லுமுன் தமக்கென ஓர் அவையை எழுத்தாளர் தாமே கூட்டிக்கொள்ளல் வேண்டும். நம் மண்ணில் இதற்கு முன்மாதிரி உண்டு. 1950ஆம் ஆண்டளவில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் நடத்திய கதை வகுப்பு, பாடங்கள் வெளியிட்டு, பயிற்சி எழுதியோரின் கதைகளை மதிப்பிட்டது. ஞாயிறு மலர் ஆசிரியர் திருப்பியனுப்பிய கதையும் ஒருவகை மதிப்பீடே. 1924இல் தோன்றிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. 1935 முதல் வரும் தமிழ் முரசு போன்ற சில ஏடுகளே அப்பணிக்கு எஞ்சியுள்ளன. மறுத்துச் சொல்லும் ஆசிரியர் குறைந்த காலத்தில், மறுப்பை நாமே தேடிச் செல்ல வேண்டியவராகிறோம்.

மூவர் போதும். ஒருவர் மொழியறிந்த ஆசிரியராக இருக்கட்டும். சந்திப்பிழையையும் றகர ரகர மயக்கத்தையும் அவர் காட்டுவார். மற்றொருவர் நம் கதையின் களத்தில் வாழ்ந்தவராக இருத்தல் நலம். பால்மரம் வெட்டும் வேளையைத் தவறாக எழுதிவிட்டால், தோட்டத்தில் வளர்ந்தவர்க்கன்றி வேறு யார்க்குத் தெரியும்? மூன்றாமவர் நமக்கு நண்பராக இராமலிருந்தால் நல்லது. அவரிடம் 'எப்படி இருக்கிறது?' என்று வினவுதல் வீண். 'நன்றாக இருக்கிறது' என்பதே விடையாகும். எந்த இடத்தில் சலிப்புத் தட்டியது, எந்தப் பக்கத்தில் மூடி வைத்தீர் என்று கேட்டால் உண்மை வரும். கேட்டபின் திருத்துவதற்கு ஆறு திங்களேனும் ஒதுக்க வேண்டும். விழாவுக்கு மண்டபத்தை முன்பதிவு செய்துவிட்டு நூலைத் திருத்த உட்காருவோரைக் கண்டிருக்கிறேன். மண்டபத்தின் நாளே நூலின் தரத்தை முடிவு செய்துவிடுகிறது.

படிகளின் எண்ணிக்கையிலும் ஒரு மயக்கம் உண்டு. தகடு செய்து அடிக்கும் அச்சுமுறையில் தொடக்கச் செலவு நூறு படிக்கும் ஆயிரம் படிக்கும் ஒன்றே. படி கூடக்கூட அடக்கவிலை குறைவதால், ஆயிரமாக அடித்துவிடத் தோன்றும். விழா முடிந்தபின் எஞ்சிய கட்டுகள் கட்டிலுக்கடியில் பூச்சிக்கு இரையாகும். இக்கால இலக்கமுறை அச்சில் அத்தொடக்கச் செலவு இல்லையாதலால், முதலில் நூறோ இருநூறோ அடித்து, வேண்டியபோது மீண்டும் அடிக்கலாம். தேசிய நூலகத்திற்கு உரிய படிகளை, மலேசியாவில் ஐந்தும் சிங்கப்பூரில் இரண்டும், மறவாது ஒப்படைத்தல் சட்டக் கடமை. நாம் மறைந்தபின் நம்மைத் தேடும் ஆய்வாளர்க்கு அவையே கைகொடுக்கும்.

இனி, உறையில் வந்த மிகைப்பணம். அச்சுச் செலவு தீர்ந்தபின் எஞ்சுவது எழுத்தாளருடையதே என்பர்; சட்டப்படி அது சரியே. என் கருத்து சற்று வேறு. 500 வெள்ளி தந்தவர் ஒரு படியை எடுத்துச் செல்கிறார். ஏனைய இருபத்து நான்கு படிகளின் விலையை, தாம் அறியாத வாசகர்க்காகத் தந்துள்ளார் என்றே நான் கொள்வேன். மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தமிழ் பயிலும் மாணவரைக் கொண்ட இடைநிலைப் பள்ளிகளும் உண்டு. நூல் எவ்வயதினர்க்கு ஏற்றதோ அவர் பயிலும் பள்ளியொன்றைத் தேர்ந்து, அந்த இருபத்து நான்கு படிகளையும் தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டுசெல்லுங்கள். ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு, மூன்று திங்கள் கழித்து மீண்டும் சென்று, மாணவர் எந்தப் பக்கம் வரை படித்தனர் என்று கேளுங்கள்.