உறங்கும் வித்தை எழுப்புதல் முறையோ?

நாட்டு மருந்துக் கடையில் அதிவிடயம் வாங்கிக் குழந்தையின் காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் கொடுப்போர் உளர். அக்கிழங்கு நம் நிலத்து விளைவன்று. காஷ்மீரம், இமாசலப் பிரதேசம், உத்தரகண்டம் ஆகிய பகுதிகளில், இமயத்தின் உயர்ந்த புல்வெளிகளில் வளரும் சிறு செடியினுடையது. கிழங்கைத் தோண்டினால் செடி போயிற்று. வித்து முதிருமுன் தோண்டினாலோ அதன் வமிசமும் போயிற்று. இன்று அச்செடி, அழியும் நிலையிலுள்ள இனங்களுள் ஒன்றாக உலகச் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

தோட்டத்தில் பயிரிடலாமே என்பர். ஆயின் விதைத்தவுடன் அவ்வித்து முளைப்பதில்லை. தாய்ச்செடியினின்று உதிரும்போது அதனுள்ளிருக்கும் கரு முழு வளர்ச்சி பெற்றதன்று. மேலும், குளிர்காலத்து ஈரத்தையும் தண்மையையும் நெடுநாள் உணர்ந்த பின்னரே அது கண் விழிக்கும். இவ்வுறக்கத்தைச் சோம்பல் என்று எண்ணலாகாது. பனிக்கு முன் முளைத்த நாற்று பனியில் மடியும். அதனை அறிந்ததுபோலக் காத்திருக்கிறது வித்து.

இவ்வுறக்கத்தைக் கலைக்கும் வழிகளை இன்று கண்டுள்ளனர். ஈரமான வித்துகளைப் பல வாரம் குளிரறையில் வைப்பது ஒன்று. ஜிபரெலின் கரைசலில் ஊறவைப்பது மற்றொன்று. இப்பொருளின் வரலாறு வியப்புக்குரியது. நெற்பயிரை அளவிறந்து நீளச்செய்து சாகடிக்கும் ஒரு நோயை ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர் குரோசாவா, அதற்குக் காரணம் ஒருவகைப் பூஞ்சை சுரக்கும் பொருளே என 1926இல் காட்டினார். யபூத்தா என்பார் 1935இல் அதற்குப் பெயரிட்டார். பயிரைக் கொன்ற பொருளே வித்தை எழுப்பவும் உதவுகிறது.

வித்துக்கும் செடிக்கும் ஊறு செய்யாமை பிக்குகளுக்குரிய ஒழுக்கம். இல்லறத்தாரை அது கட்டுப்படுத்தாது. எனினும், ஓர் உயிர் தனக்கென வைத்துக்கொண்ட காலத்தை நம் விருப்பிற்கு மாற்றலாமோ என்னும் வினா நம்மையும் விடுவதில்லை. எண்ணமே வினை என்பது பகவரின் போதனை; செடியைக் காக்கும் எண்ணத்தோடு எழுப்புவது ஊறு ஆகாது என்றே கருதுகிறேன். ஆனால் நல்லெண்ணம் ஒன்றே போதுமென்று அமைந்துவிட முடியாது. பனியைக் காத்திருந்த வித்தை முன்னரே எழுப்பியவன், அப்பனியினின்று நாற்றைக் காக்கும் கடனையும் ஏற்றவனாகிறான். தோட்டம் வைத்து, விலை வீழ்ந்ததும் கைவிடுவோர் இதனை நினைப்பதில்லை.

இன்னுமோர் இடர் உண்டு. அதனைப் பெரிதென்றே சொல்வேன். மலையில் எல்லா வித்தும் ஒரே ஆண்டில் விழிப்பதில்லை. ஓராண்டு நாற்றுகள் யாவும் மடிந்தாலும், மண்ணில் உறங்கியவை இனத்தைக் காக்கும். தோட்டத்திலோ விரைந்து முளைத்தவையே நடப்படுகின்றன. அவற்றின் வித்தே மீண்டும் விதைக்கப்படுகிறது. தலைமுறைகள் பல இவ்வாறு செல்லின், உறங்கத் தெரியாத அதிவிடயமே எஞ்சும். கோதுமைக்கு நேர்ந்ததும் இதுவே. காட்டுக் கோதுமைக்குள்ள நீண்ட உறக்கம் கழனிக் கோதுமைக்கு இல்லை. மனிதன் விதைக்குமளவும் அதனால் கேடில்லை. மலைக்குத் திரும்பிச் சென்று தானே வாழவேண்டிய செடிக்கு அது கேடு.

கடைக்குச் செல்லும் கிழங்கை விரைந்து முளைத்தவற்றினின்று விளைவிக்கலாம்; அதனால் மலைச்செடியின்மேல் விழும் கைகள் குறையும். முளைக்காதவற்றைப் பயனற்றவை என்று குப்பையில் கொட்டுதல் மட்டும் கூடாது. அவற்றை எடுத்துச் சென்று, வித்து வந்த அதே புல்வெளியில், பனி விழுமுன் தூவிவிட வேண்டும்.