மிகையும் மிச்சமும்

மிகை, மிகுதி, மிச்சம் மூன்றும் 'மிகு' என்ற வேரைச் சேர்ந்தவை. அளவைக் கடந்தது என்பதே பொதுப்பொருள். வழக்கில் மிகை குற்றத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. நன்னூல் எண்ணும் பத்துக் குற்றங்களில் 'மிகைபடக் கூறல்' ஒன்று. திருக்குறளின் துறவு அதிகாரம் இன்னும் கடுமையானது: பிறவியை அறுக்க முனைந்தவருக்கு உடம்பே மிகை, பிற தொடர்புகள் எதற்கு என்று கேட்கிறது. செலவு போக நிற்கும் மிச்சத்தையோ யாரும் பழிப்பதில்லை. தைப்பொங்கலன்று தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் பால் பொங்கி வழிவதும் மங்கலம்தான். அடுப்பில் சிந்தியதை விரயம் என்று எவரும் சொல்வதில்லை.

இலங்கையின் ஹட்டன், நுவரெலியாத் தேயிலைத் தோட்டங்களில், மிகை குற்றமா மங்கலமா என்ற இந்தச் சிக்கல் தராசில் ஏறுகிறது. நாள் கொழுந்துக்கு நிர்வாகம் ஓர் அளவு வைத்திருக்கும். அதை எடுத்தால் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம். குறைந்தால் பல இடங்களில் அரைப் பேர். மேலே பறித்ததற்குக் கிலோக் கணக்கில் தனிக் காசு. கடைக் கடனும் பிள்ளையின் கொப்பியும் பெரும்பாலும் அந்தக் காசை நம்பியிருக்கின்றன. மழை நாளில் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் சில கிலோ கழிக்கப்படும்போது முதலில் கரைவதும் அதுவே.

2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாயானது. அதையொட்டிப் பல தோட்டங்களில் 18 கிலோவாக இருந்த அளவு 20 ஆக்கப்பட்டது, தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். அதுவரை மேலதிகக் காசு தந்த 2 கிலோ அப்படியே கடமைக்குள் போயிற்று. மலையும் அதே மலை, பறிக்கும் கையும் அதே கை.

ஆகவே எது மிகை என்று கேட்குமுன் அளவை வைத்தவர் யார் என்று கேட்டாக வேண்டும். துறவி தன் அளவைத் தானே வைக்கிறார். உடம்பையும் மிகை என்று சொல்லும் உரிமை அதனால் அவருக்கு வருகிறது. அளவு வைக்கும் உரிமையே இல்லாமல் கொழுந்து பறிக்கும் ஒருத்தியிடம் 'போதும் என்ற மனம் வேண்டும்' என்று போதிப்பது அறமாகாது. அவள் எதையும் துறக்கவில்லை, அவளிடமிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. வள்ளுவரை இதற்குத் துணைக்கு அழைக்கவும் முடியாது. வெஃகாமை அதிகாரத்தில் அவர் கண்டிப்பது பிறர் பொருளின் மீதான ஆசையை. நேர்வழியில் பொருள் சேர்ப்பதைப் போற்றிப் பொருள் செயல்வகை என்று தனி அதிகாரமே வகுத்திருக்கிறார். அருளோடும் அன்போடும் வாராத செல்வத்தை விலக்கச் சொல்வதும் அதே அதிகாரத்தில்தான்.