கம்பத்தின் கீழே நிற்பவர்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மற்ற மாவட்டங்களிலிருந்து லைன்மேன்களும் வயர்மேன்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் டெல்டாவுக்கு வந்து, சேற்று வயல்களில் புதுக்கம்பம் நட்டார்கள். மழை, தூக்கமின்மை, பழகாத ஊர், "எங்க தெருவுக்கு எப்ப கரண்ட் வரும்?" என்ற ஓயாத கேள்வி. இப்படிப்பட்ட வேலையின் அழுத்தத்தை எது கூட்டுகிறது, எது தணிக்கிறது?

வேலையின் கடுமை மட்டுமே ஆளை ஒடித்துவிடுவதில்லை என்று 1979இல் வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் வாதிட்டார். சுமை ஏறிக்கொண்டே போக, வேலையை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை கையில் இல்லாதபோதுதான் அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. 1988இல் ஆய்வாளர்கள் ஜெஃப்ரி ஜான்சனும் எல்லன் ஹாலும் சுவீடன் தொழிலாளர்களை ஆராய்ந்து, சக ஊழியர்களின் துணையையும் கணக்கில் சேர்த்தார்கள். சுமை மிகுந்து, உரிமை குறைந்து, தனியாகவும் விடப்பட்டவர்களிடம் இதயநோய் கூடுதலாகக் காணப்பட்டது.

லைன்மேனின் சுமையைப் புயல் தீர்மானிக்கிறது. மின்சாரத்தை நிறுத்துவதும் விடுவதும் துணை மின்நிலையத்தின் கையில் இருக்கிறது. இரண்டையும் அவரால் மாற்ற முடியாது. ஆகவே மிச்சமிருக்கும் துணையின்மேல்தான் முழுப் பாரமும் இறங்குகிறது.

துணை என்றதும் ஆறுதல் வார்த்தைதான் நினைவுக்கு வரும். சமூகவியலாளர் ஜேம்ஸ் ஹவுஸ் 1981இல் எழுதிய நூலில் அன்பு, கைகொடுத்தல், தகவல், செய்த வேலைக்கான மதிப்பீடு என்று அதை நான்காகப் பிரித்தார். கம்பம் ஏறுபவருக்கு இவற்றில் தகவலே உயிர் என்பேன். மேலே ஏறுமுன் மின்சாரம் நிறுத்தப்பட்டது என்ற உறுதியை, அதாவது 'லைன் கிளியர்', துணை மின்நிலையத்திடம் வாங்க வேண்டும். அது கிடைத்த பிறகும் ஆபத்து தீர்வதில்லை. புயலுக்குப் பின் வீடுகளிலும் கடைகளிலும் ஜெனரேட்டர் ஓடும். ஜெனரேட்டரை வெளிக்கம்பியிலிருந்து பிரிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் சரியில்லாத ஒரு வீட்டிலிருந்து கரண்ட் பின்னோக்கிப் பாய்ந்தால், டிரான்ஸ்ஃபார்மர் அதையே 11,000 வோல்ட்டாக உயர்த்தி, செத்துக் கிடப்பதாக நம்பிய கம்பிக்கு உயிர் கொடுத்துவிடும். வேலை நடக்கும் இடத்தின் இருபுறமும், கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டச் சொல்வது இதற்காகத்தான். எந்தத் தெருவில் எந்தக் கடையில் ஜெனரேட்டர் ஓடுகிறது என்பது உள்ளூர்க்காரருக்குத் தெரியும்; வெளியூரிலிருந்து வந்தவருக்குத் தெரியாது.

எர்த் ராடு மாட்டினார்களா என்று பார்க்கவும், கயிறு பிடிக்கவும், பொறுமையிழந்த கூட்டத்துக்குப் பதில் சொல்லவும் கீழே ஒருவர் நிற்க வேண்டும். அவர் நின்றால் மேலே இருப்பவரின் கவனம் கம்பியிலேயே இருக்கும். காலிப் பணியிடம் நிரப்பப்படாவிட்டால் முதலில் காணாமல் போவது இந்த ஆள்தான். அதன் பிறகு மனநலப் பயிற்சி வகுப்பு நடத்துவது பயன் தராது. வகுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. இல்லாத ஆளுக்கு அது ஈடாகாது.

ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை இன்னும் மோசம். அதே கம்பத்தில் ஏறினாலும் நிரந்தர ஊழியருக்குள்ள பாதுகாப்பு அவருக்கு இல்லை. "இந்த மழையில் ஏற மாட்டேன்" என்று அவர் சொன்னால் நாளைய கூலி என்னாகும்? மறுத்தாலும் வேலை போகாது என்று மேற்பார்வையாளர் வாய்விட்டுச் சொல்வதுதான் அவருக்குத் தேவைப்படும் முதல் துணை.

அடுத்த புயலுக்கு ஆட்களை அனுப்பும்போது, ஒரே பிரிவில் பழகியவர்களைப் பிரிக்காமல் ஒரே குழுவாக அனுப்பலாம். ஒவ்வொரு குழுவுடனும் அந்தப் பகுதி வயர்மேன் ஒருவரைச் சேர்க்கலாம். ராத்திரி வீட்டோடு பேச, தங்குமிடத்தில் செல்போன் சார்ஜ் போட ஒரு வழியும் செய்துகொடுக்கலாம்.