முடிவும் வாக்கும்

தொடங்கிய எதற்கும் முடிவு உண்டு என்பதை மாந்தர் அனைவரும் அறிவர். ஆயினும், நெடுநாள் நேசித்த ஒரு கதை தாம் எண்ணியவாறு முடியாதபோது உள்ளம் வருந்துகிறது. அவ்வருத்தம் ஆசை நிறைவேறாமையால் வந்ததா? அன்றி, நியாயம் மறுக்கப்பட்டதால் வந்ததா? கதையின் முடிவின்மீது அதனைச் சுவைப்போர்க்கு உரிமை ஏதேனும் உண்டா? இவை பழைய வினாக்களே. இந்நூற்றாண்டில் கணினி விளையாட்டு ஒன்று அவற்றை மீண்டும் எழுப்பியது.

கனடா நாட்டின் எட்மண்டன் நகரிலுள்ள பயோவேர் நிறுவனம் உருவாக்கிய ‘மாஸ் எஃபெக்ட்’ என்னும் அறிவியல் புனைவு விளையாட்டு, 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து, வளர்ந்த நாகரிகங்களை அறுவடை செய்து அழிக்கும் இயந்திரங்களை ஷெப்பர்ட் என்னும் படைத்தலைவர் எதிர்த்து நிற்பதே கதை. இதில் ஆடுவோர் வெறும் பார்வையாளர் அல்லர். தோழர் இருவருள் ஒருவரையே காக்க இயலும் என்ற நிலையில் யாரைக் காப்பது? ஓர் இனத்தைப் பற்றிய மலட்டு நோயை நீக்குவதா, விடுவதா? இத்தகைய முடிவுகளை அவர்களே எடுத்தனர். ஒரு பாகத்தில் எடுத்த முடிவின் விளைவு அடுத்த பாகத்திலும் தொடர்ந்தது.

இவ்வாறு ஐந்தாண்டுகள் விதைத்தவர்கள், 2012 மார்ச்சில் வெளிவந்த மூன்றாம் பாகத்தில் விளைச்சலை எதிர்பார்த்தனர். முடிவுகள் அ, ஆ, இ என்று எளிதில் பகுக்கத்தக்கனவாக இரா என்று படைப்பாளர் தரப்பிலிருந்தே முன்னர்க் கூறப்பட்டிருந்தது. ஆனால் இறுதியில் வந்தவை மூன்று வழிகளே. எவ்வழியைத் தேர்ந்தாலும் திரையில் கண்ட காட்சிகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. சிவப்பு, நீலம், பச்சை என நிறம் மட்டுமே பளிச்சென வேறுபட்டது. ஆர்வலர் சிலர் இம்மூன்று நிறங்களில் ஏறத்தாழ நானூறு கப் கேக்குகளை நிறுவனத்திற்கு அனுப்பினர். நிறம் மூன்றாயினும் சுவை ஒன்றே! அக்கேலியின் கூர்மையை எவரும் உணர்வர். மற்றும் சிலர் தம் எதிர்ப்பின் பெயரால் நோயுற்ற குழந்தைகளுக்கு உதவும் அறநிதிக்குப் பணம் திரட்டினர்.

விளையாட்டுத்தானே என நகைத்து ஒதுக்குவது எளிது. ஜொகூர் மாநிலத்தில், அன்னாசியைத் தன் பெயரிலேயே தாங்கிய பெக்கான் நானாஸ் என்னும் சிறு நகரில் இவ்விளையாட்டை ஆடிய ஓர் இளைஞனை எண்ணிப் பார்ப்போம். பகலில் படிப்பும் வேலையும். இரவில் தன் முடிவுகளுக்கு மதிப்புத் தரும் ஓர் உலகம். அங்கே அவன் தன்னைப் பொறுப்புள்ளவனாகக் கண்டான். இறுதியில், ‘நீ எதைச் செய்திருந்தாலும் இதுவே நடந்திருக்கும்’ என்று அவ்வுலகம் கூறுமாயின், அவன் இழந்தது பொழுதை மட்டுமா? அவன் வைத்த நம்பிக்கையையும் அன்றோ இழந்தான்!

ஈண்டு ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். துயரமான முடிவு வேறு. பொய்த்துப்போன முடிவு வேறு. சிலப்பதிகாரத்தில் குற்றமற்ற கோவலன் கொலையுண்கிறான். படிப்போர் நெஞ்சம் கலங்குகிறது. எனினும், இளங்கோவடிகள் ஏமாற்றிவிட்டார் என்று எவரும் வழக்குரைப்பதில்லை. ஊழ்வினை தொடர்ந்து வந்து பற்றும் என்பதைக் காப்பியத்தின் பதிகமே முன்னறிவித்துவிடுகிறது. சொன்ன வாக்கின்படியே காப்பியம் நடக்கிறது. ஆதலின் அத்துயரம் நம்மை உயர்த்துகிறது. வாக்கு மீறப்பட்ட இடத்தில் பிறக்கும் துயரமோ கசப்பை மட்டுமே எஞ்ச வைக்கிறது.

அவ்வாறாயின், முடிவை மாற்றுக என்று ஆணையிடும் உரிமை ஆர்வலர்க்கு உண்டா? 1893இல் ஆர்தர் கோனன் டாயில் தம் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்சை ஒரு கதையில் மாய்த்தார். வாசகர் அதனை ஏற்கவில்லை. 1903இல் ஹோம்ஸ் உயிரோடு திரும்பினார். இங்கே படைப்பாளர் இறங்கி வந்தார். நம் கல்கியோ வேறு வழியைக் கொண்டார். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ திடீரென முடிந்ததாக வாசகர் பலர் குறைப்பட்டனர். கல்கி கதையை மாற்றவில்லை. முடிவுரை ஒன்றெழுதி, கதைமாந்தர் பின்னர் என்னவாயினர் என்ற ஐயங்களுக்கு விடை பகர்ந்தார். பயோவேர் நிறுவனமும் ஏறக்குறைய இவ்வழியிலேயே சென்றது. 2012 ஜூனில் விலையின்றி வெளியிட்ட விரிவாக்கத்தில், முன்னிருந்த மூன்று வழிகளையும் நீக்காமல் அவற்றின் விளைவுகளை விளக்கியது. மூன்றையும் மறுத்துத் தோல்வியை ஏற்கும் நான்காம் வழியும் அதில் சேர்ந்தது.

வாசகருக்கு எழுதுகோல் சொந்தமன்று. கேள்வி கேட்கும் நா சொந்தமாகும். படைப்பாளருக்கு எழுதுகோல் சொந்தம்; ஆனால் அவர் தந்த வாக்கு அவருக்கு மட்டும் சொந்தமன்று. கேட்போரின் ஆசைக்கு அவர் கடன்பட்டவர் அல்லர். தாம் விதைத்ததற்குக் கடன்பட்டவர். இதனைப் பெக்கான் நானாஸ் மண்ணில் விளையும் அன்னாசியே காட்டும். நட்டபின் ஓராண்டுக்கு மேலும் காத்திருந்தே உழவர் கனி காண்கின்றனர். அக்கனி வெளியிலிருந்து கொணர்ந்து ஒட்டப்பட்டதன்று. செடியின் வளர்முனையே பூங்கொத்தாகி, பூங்கொத்தே கனியாகிறது. நல்ல கதையின் முடிவும் அவ்வாறே கதையின் உள்ளிருந்து முற்றி வருதல் வேண்டும். கனி புளிக்கலாம், ஆனால் அது அச்செடியின் கனியாக இருத்தல் வேண்டும்.

இவ்வறம் கதை புனைவோர்க்கு மட்டும் உரியதா? ‘உனக்கு விருப்பமான துறையை நீயே தேர்ந்தெடு’ என்று மாணவனிடம் கூறிவிட்டு, இறுதியில் தாமே முடிவெடுக்கும் பெற்றோர் உண்டு. கருத்துரைக்க அழைத்துவிட்டு, முன்பே எழுதிய தீர்மானத்தை வாசிக்கும் சங்கங்கள் உண்டு. வகுப்பில் விடை எதுவாயினும் சிந்தித்துச் சொல் என்று ஊக்கிவிட்டு, ஒரே விடைக்கு மதிப்பெண் தரும் ஆசிரியரும் உண்டு. தெரிவே இல்லை என்று முன்னரே உரைப்பது கடுமையாயினும் நேர்மை. தெரிவைத் தந்துவிட்டு அதனை வெறுமையாக்குவது இனிமையாயினும் வஞ்சனை. முன்னதைத் தாங்கிக்கொள்ளும் இளைஞன், பின்னதற்குப்பின் எந்த அழைப்பையும் நம்பத் தயங்குவான்.

ஆதலின், ஏமாந்தவனிடம் ‘இதற்கா வருந்துகிறாய்?’ என்று கேட்பதினும், ‘உனக்குத் தரப்பட்ட வாக்கு யாது?’ என்று கேட்பதே முறை. வாக்கு ஏதும் தரப்படவில்லையெனில், அவன் தன் ஆசையை அடக்கக் கற்கட்டும். வாக்குத் தரப்பட்டு மீறப்பட்டிருப்பின், அவன் வருத்தம் சிறுபிள்ளைத்தனமன்று, நீதியுணர்வின் குரல். அக்குரலுக்குச் செவி கொடுப்பது பெரியோர் கடன்.